ஒரு பில்லைக் கொடுத்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு நேர்காணல் போகும் பெண்களுக்காக உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படி உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எந்த நிறத்தில் சேலை உடுத்துவது, ‘உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன’ என்று கேட்டால் என்ன சொல்வது, எல்லாம் விவரமாக இருந்தது. போகிற வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. சமீபத்தில் அந்த வழியாக நடந்து வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டது. வெட்டுவதாக இருந்தால் சேலையைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள், அரசு வரியைப் பற்றி எழுதியதில் கை வைக்காதீர்கள்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் ‘இத்தனை வருடமும் என் குடும்பத்துக்கு நிதியமைச்சராக இருந்தேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்கிறது கட்டுரை. தயவுசெய்து யாரும் இதைச் சொல்லிவிடாதீர்கள். எதிரே இருப்பவர் ஆடிட்டராக இருந்தால், ‘அப்படிங்களா, சந்தோஷம். ஜூலை மாசத்து 3பி எந்தத் தேதிக்குள்ள போடணும்?’ என்று அடுத்த கேள்வி வரும். 3பி என்றால் மாதா மாதம் போடும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். மளிகைச் செலவை நோட்டில் எழுதுவதும் கம்பெனிப் பேரேடு எழுதுவதும் ஒன்றல்ல. வீட்டு வேலையைக் குறைத்துப் பேசவில்லை. இரண்டையும் செய்தவள் நான்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. சித்தூர் என்றதும் ஆந்திரா என்று நினைக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தச் சித்தூர் தென்னையும் கள்ளும் உள்ள சித்தூர். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், பிறகு சித்தூர் அரசு கல்லூரியில் பி.காம். 2001இல் வாளையார் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்து 2010இல் விட்டேன். அத்தை படுக்கையில் விழுந்தார், சின்னவன் அப்போது கைக்குழந்தை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார், பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், தோப்பில் காய்ப்பும் குறைந்துவிட்டது. மறுபடி வேலை தேட ஆரம்பித்தேன்.

நான் விட்டு வந்த வேலை எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்று வாளையார் என்றால் செக்போஸ்ட். கோயம்புத்தூர் ரோட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறாக்குவார்கள். ஒரு காகிதம் குறைந்தால் வண்டி அன்றைக்கு அங்கேதான். அந்தக் காகிதத்தைக் குறையில்லாமல் கட்டி அனுப்புவது என் வேலை. கேரளாவில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி 2005இல் வந்தது, தமிழ்நாட்டில் 2007இல். அந்த இடைப்பட்ட காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம். வெளிமாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி. வாங்கினவர் சி ஃபாரம் என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் சலுகை விகிதம். அந்தச் சலுகை 4 சதவீதமாக இருந்து 2007 ஏப்ரலில் 3 ஆகி, 2008 ஜூனில் 2 ஆனது. ஃபாரம் வராவிட்டால் முழு வரியும் கம்பெனி தலையில். பொள்ளாச்சிக்கும் திருப்பூருக்கும் போன் போட்டுப் போட்டு சி ஃபாரம் வாங்குவதிலேயே என் பாதி நாள் போகும். கெஞ்சியும் வாங்கியிருக்கிறேன், மிரட்டியும் வாங்கியிருக்கிறேன். மொத்த ஆபீசுக்கும் கேட்கும், அப்படிப் பேசுவேன்.

2017 ஜூலை 1ஆம் தேதி இது அத்தனையும் ஒரே ராத்திரியில் போய்விட்டது. ஜி.எஸ்.டி. வந்தது, வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கள் எல்லை நெடுக இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அன்றைக்கு நான் வீட்டில் அத்தைக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டு டி.வி.யில் பார்த்தேன். என் வேலையின் பாதி இல்லாமல் போனது என்பது அப்போது தோன்றவில்லை.

என் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாள். ரெஸ்யூமே போடலாம் என்று அவளிடம் போனால், “சித்தி, ரெஸ்யூமே கிடக்கட்டும், அது அரை மணி நேர வேலை. நீங்க வேலைய விட்ட நாள்ல இருந்து என்னென்ன மாறுச்சுன்னு முதல்ல எழுதுங்க” என்றாள். ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நேர்காணலுக்கு நான் செய்த தயாரிப்பு என்று ஒன்று உண்டென்றால் அந்த டைரிதான்.

அதில் எழுதியதில் கொஞ்சம் சொல்கிறேன், என்னைப் போன்ற கணக்குக்காரப் பெண்களுக்கு உதவும். சோதனைச் சாவடிக்குப் பதிலாக ஈ-வே பில், அதாவது சரக்கு கிளம்பும் முன் இணையத்தில் எடுக்கும் சீட்டு. மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல், சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். சரக்கு விவரம் ஏ பகுதியில், வண்டி நம்பர் பி பகுதியில். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். 2021க்கு முன் இது 100 கிலோமீட்டராக இருந்தது. கேரளாவுக்குள்ளேயே போகிற சரக்குக்கும் 50,000தான் வரம்பு, தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம். எல்லையில் வேலை செய்கிறவளுக்கு இந்த வித்தியாசம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனி, இன்னொரு பதிவு பெற்ற வியாபாரிக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தளத்தில் ஈ-இன்வாய்ஸாகப் பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் பில் பில்லே இல்லை. 2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீத வரி விகிதங்கள் போய்ப் பெரும்பாலான சரக்கு 5க்கும் 18க்கும் வந்துவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை நேர்காணலில் கேட்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்திய புத்தகத்தை வைத்துப் படித்துப் போயிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

இன்னொன்று உள்வரி. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை எங்கள் காலத்தில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். இப்போது விற்றவர் அவருடைய விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1இல் அந்தப் பில்லைக் காட்டி, அது 2பி என்ற நம்முடைய உள்வரிப் பட்டியலில் வந்து உட்கார்ந்தால்தான் கழிக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து இதில் இளக்கமே இல்லை. அவர் காட்டவில்லையா? போன் போடு, துரத்து. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சி ஃபாரம் போய் 2பி வந்திருக்கிறது, பொள்ளாச்சிக்கு போன் போடுகிற வேலை அப்படியே இருக்கிறது. இதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைவிட யார் பொருத்தம்? கட்டுரையில் சொல்லும் தன்னம்பிக்கை எனக்கு வந்த இடம் இது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து வந்ததல்ல.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியையும் சொல்ல வேண்டும். நான் விட்டபோது இருந்தது வேறு டேலி, 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்து முகமே மாறிவிட்டது. பணம் கட்டிக் கோர்ஸில் சேர வேண்டும் என்று பலர் சொன்னார்கள். தேவையில்லை. அதிலேயே எஜுகேஷனல் மோடு என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்குத்தான் பதிய விடும். கற்றுக்கொள்வதற்கு அது தாராளம். பெரியவனின் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, பழைய லெட்ஜரில் இருந்ததைப் போல ஒரு பொய்க் கம்பெனியை உண்டாக்கி ராத்திரி ராத்திரியாகப் பதிந்தேன். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை. இவை மட்டும் மாறவில்லை, விரல் தானாகப் போனது. பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரர் லைட்டை அணைக்கச் சொல்லிச் சலித்துப்போய்த் திண்ணைக்குப் போய்விட்டார்.

போகப்போகிற கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. கம்பெனியின் சொந்த வலைத்தளத்தைப் பார்த்தால் கட்டடத்தின் படமும் முதலாளியின் படமும்தான் இருக்கும். நான் பார்த்தது ஜி.எஸ்.டி. தளம். அதில் யார் வேண்டுமானாலும் உள்நுழையாமலே ஒரு கம்பெனியின் ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டுத் தேடலாம். சட்டப்படியான பெயர், பதிவான தேதி, என்ன சரக்கு, எந்த மாதத்து ரிட்டர்ன் எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வரை தெரியும். நம்பரின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து பான் நம்பர். அந்தப் பானை வைத்துத் தேடினால் இந்தியாவில் எங்கெங்கே பதிவு வைத்திருக்கிறார்கள் என்று வந்துவிடும். என்னைக் கூப்பிட்ட கம்பெனிக்குப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு 32, கோயம்புத்தூரில் ஒரு 33. ஆகவே இரண்டு கிளைக்கும் நடுவே சரக்கு போய்வரும், அதற்கும் பில் போட்டு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், அதைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று முந்தின நாளே தெரிந்துகொண்டு போனேன்.

காகிதங்களைப் பற்றி. நான் வேலை பார்த்த கம்பெனி இப்போது இல்லை, மூடி வருடங்கள் ஆகின்றன. அனுபவச் சான்றிதழுக்கு எங்கே போவது? வருடா வருடம் கொடுத்த பி.எஃப். கணக்குச் சீட்டுகளை அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கம்பெனிப் பெயர், என் பெயர், எந்த வருடம், எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. அதையே நகல் எடுத்துக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பெயருக்கு ஓர் எழுத்து இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இன்னொரு விதம். இதை நேர்காணலுக்கு முன்னாலேயே சரி செய்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு பி.எஃப். நம்பர் வாங்கும்போது ஆதாரோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் அலைய வேண்டியிருக்கும்.

குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமும் காகிதம்தான். அதில் எங்கள் அயல்கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவுக்கு, நெடுநாள் நான்தான் செயலாளர். வாரச் சேமிப்பு, உள்கடன், பேங்க் லிங்கேஜ் லோன், வட்டி எல்லாம் என் கையெழுத்தில். வருடத்துக்கொரு முறை ஆடிட்டுக்கு வருவார்கள். ரெஸ்யூமேயில் போட இது ஒரு விஷயமா என்று எனக்குத் தயக்கம். அக்கா மகள் விடவில்லை. “நிதியமைச்சர்னு போடறதுக்கு இது எவ்வளவோ மேல் சித்தி, இதுல ஆடிட் ரிப்போர்ட் இருக்கு” என்றாள்.

சேலை விஷயம்: துவைத்து இஸ்திரி போட்டது எதுவானாலும் சரி. செருப்பு மட்டும் நடக்கத் தோதாக இருக்கட்டும். கஞ்சிக்கோட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கம்பெனிக் கேட்டுக்கு வெயிலில் நல்ல நடை. முதல் கட்டத்தை வீடியோவில் வைத்தார்கள். எல்லையோர மக்களுக்கு ஒரு எச்சரிக்கை: எங்கள் பக்கம் ஒரே வீட்டில் முன்வாசலில் கேரளக் கோபுரத்தையும் கொல்லையில் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடிக்கிற போன்கள் உண்டு. பேசிக்கொண்டே நடக்காதீர்கள், ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

இனி நேர்காணல். எனக்கு வாய்த்தது ஒரே மாதிரி அல்ல. ஓர் இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. “பசங்க என்ன படிக்கறாங்க? வீட்டுக்காரர் சம்மதிச்சாரா? மறுபடியும் வீட்டுல யாருக்காவது முடியாமப் போனா விட்டுட்டுப் போயிருவீங்களா?” இதையே மலையாளத்தில் ஒருவரும் தமிழில் ஒருவரும் கேட்டார்கள். இன்னும் அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றார் மூன்றாமவர். கொழிஞ்சாம்பாறையில்தான் இருப்பேன் என்று வாய் வரை வந்தது. எனக்கு முன்னால் உள்ளே போன பையனும் ஏதோ காரணத்துக்காக மூன்று வருடம் சும்மா இருந்தவன்தான், வெளியே உட்கார்ந்திருந்தபோது அவனே சொன்னான். அவனிடம் கல்யாணம் ஆச்சா என்றுகூடக் கேட்கவில்லையாம். ஆள் எடுக்கும்போதே ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வியாபாரமாகவே பார்த்தாலும் அது வீண் நேரம். நான் விட்டுப் போவேனா மாட்டேனா என்பதை என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குக் கணக்குத் தெரியுமா தெரியாதா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

அதைத்தான் இன்னோர் இடத்தில் செய்தார்கள். அங்கே முதலாளியோடு அவருடைய ஆடிட்டரும் இருந்தார், பாலக்காட்டுக்காரர், நம் தமிழும் பேசுவார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“நம்ம சரக்கு கஞ்சிக்கோட்டுல இருந்து கிளம்புது. வாங்கறது பொள்ளாச்சிப் பார்ட்டி, 33 நம்பர். ஆனா அவர் சரக்கைச் சித்தூர்ல ஒரு கடையில இறக்கச் சொல்றார். வண்டி பார்டர் பக்கமே போகல. என்ன வரி போடுவீங்க?”

“ஐ.ஜி.எஸ்.டி.ங்க.”

“கேரளாவுல கிளம்பிக் கேரளாவுலயே இறங்குது. எப்படிங்க ஐ.ஜி.எஸ்.டி.?”

“பொள்ளாச்சிக்காரர் சொல்லித்தானுங்க நாம அங்க இறக்கறோம். சட்டப்படி சரக்கு அவருக்குப் போய்ச் சேர்ந்ததாத்தான் கணக்கு. அவரோட பதிவு தமிழ்நாட்டுல இருக்குது.”

“சரி, அவர் சித்தூர்க் கடைக்குப் போடற பில்லு?”

“அதுவும் ஐ.ஜி.எஸ்.டி.தானுங்க. அவர் 33, சரக்கு போய் இறங்கற இடம் கேரளா.”

அவர் முதலாளியைப் பார்த்தார். சரக்கு எல்லையைத் தாண்டவே இல்லை, வரி இரண்டு முறை தாண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பில் தினமும் விழும். ஒரே மாநிலத்துக்குள் விற்றதுபோலத் தவறாக சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று போட்டுவிட்டால் பொள்ளாச்சிக்காரருக்கு உள்வரி கிடைக்காது, அடுத்த ஆர்டர் வராது. பிறகு ஒரு கட்டு பில்லைக் கொடுத்து டேலியில் பதியச் சொன்னார்கள். அதில் லாரி வாடகைப் பில் ஒன்று இருந்தது, வரியை வாடகை கொடுக்கிறவரே கட்ட வேண்டிய வகை. அது வேண்டுமென்றே நடுவில் வைத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, ஏன் விட்டீர்கள் என்று. அத்தைக்கு முடியவில்லை, இப்போது வீட்டில் ஆள் தேவைப்படவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

யோசித்தால் இது புதிய முறையும் இல்லை. 2001இல் என்னை வேலைக்கு எடுத்தபோது அந்த மேனேஜர் என் கையில் சில்லறைச் செலவுப் புத்தகத்தைக் கொடுத்து, இதில் எங்கோ கணக்கு உதைக்கிறது, கண்டுபிடி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பலம், பலவீனம், ஐந்து வருடம் எல்லாம் நடுவில் வந்தவை. பெரிய ஐ.டி. கம்பெனிகளுக்கு அவை பொருந்தலாம். கஞ்சிக்கோட்டில் ஒரு கணக்கு எழுதுகிறவளுக்குப் பில்தான் பரீட்சை. மத்திய அரசே 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும் கெஜட் பதிவு இல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலை எடுத்துவிட்டது. தனியார் கம்பெனி ஆளைப் பார்க்காமல் எடுக்க முடியாது, புரிகிறது. பார்க்கும்போது வேலையைக் கொடுத்துப் பார்க்கலாமே.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் கட்டுரை ‘கம்பெனி விதிகளின்படி’ என்று சொல்லச் சொல்கிறது. அப்படிச் சொன்னால் கம்பெனி தன் விதிப்படி குறைவாகத்தான் கொடுக்கும். பழைய சம்பளத்தையும் சொல்லாதீர்கள், அது எந்தக் காலத்துக் காசோ. அக்கம்பக்கத்தில் இந்த வேலைக்கு இன்று என்ன தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். கையில் வருவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பேசுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி போடுவது 3.25. பி.எஃப். 12. நான் கேட்ட தொகை கிடைக்கவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதை வேலை உத்தரவிலேயே எழுதித் தரச் சொன்னேன், முகம் கொஞ்சம் மாறினாலும் எழுதித் தந்தார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

அரசு வேலைக்கு ஏன் முயலவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். கேரள பி.எஸ்.சி. எங்களைப் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்குப் பல தேர்வுகளில் தமிழிலும் வினாத்தாள் தருகிறது, நல்ல விஷயம். ஆனால் கிளார்க் வேலைக்குப் பொதுப் பிரிவில் 36, பிற்பட்டோருக்கு 39 வயதுதான் மேல் வரம்பு. பிள்ளை வளர்த்து, பெரியவர்களைப் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கதவு சாத்திவிடும். எங்களுக்கு மிச்சம் இருப்பது தனியார் கம்பெனிதான், அதனால்தான் அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதில் இவ்வளவு அக்கறை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பக்கம் ஒதுக்கும்போது ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தத் தொழிலில் இருப்பவர்களையே எழுதச் சொல்லுங்கள். லேப் டெக்னீஷியனாக இருந்து விட்டவளுக்கு இப்போது எந்த மெஷின் வந்திருக்கிறது, மருந்துக் கடையில் நின்றவளுக்கு எந்தச் சட்டம் மாறியது, டி.டி.பி. அடித்தவள் இனி என்ன கற்க வேண்டும், நர்ஸ் வேலையை விட்டவள் பதிவைப் புதுப்பிக்க எங்கே போக வேண்டும் என்று வாரம் ஒன்றாக வரட்டும். கணக்குக்கு நான் எழுதித் தருகிறேன். டைரி கையில் இருக்கிறது, அக்கா மகள் சரிபார்ப்பாள். மாதத்தில் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் மட்டும் கேட்காதீர்கள், ரிட்டர்ன் போடும் நேரம்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.